விரதம் ஒருவருக்கு, செலவு யாருக்கு?

கார்த்திகை பிறந்தால் மதுரைத் தெருக்களில் கறுப்பு வேட்டிகள் பெருகிவிடும். மாலை போட்டவர் செருப்பைக் கழற்றிவிடுவார். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பார், பாயில் படுப்பார், சிகரெட்டையும் பாட்டிலையும் ஒரு மண்டலத்துக்கு ஒதுக்கிவைப்பார். போன வாரம் வரை வாயைத் திறந்தால் வசவாக வந்த ஆளை இப்போது எல்லாரும் 'சாமி' என்கிறார்கள். அவரும் எல்லாரையும் 'சாமி' என்கிறார். நீயும் மாலை போடு என்று அவர் யாரையும் கேட்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால், தன் நம்பிக்கையைத் தன் உடம்போடு நிறுத்திக்கொண்ட மனிதர்.

வீட்டுக்குள் கணக்கு கொஞ்சம் மாறும். சாமி நாலு மணிக்குக் குளிக்கிறார் என்றால் வீட்டம்மா மூன்றரைக்கே எழுந்து, குளித்து, வாசல் தெளித்து, அடுப்பைப் பற்றவைத்திருப்பார். மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு முட்டைகூட இல்லை. பெண்களில் யாருக்காவது மாதவிலக்கு என்றால் அம்மா வீட்டுக்கோ மாடி அறைக்கோ போய்விட வேண்டும். இதில் எதையும் சாமி உத்தரவு போட்டதாகச் சொல்ல முடியாது, எல்லாம் தானாக நடக்கும். 'இது எனக்கும் சேர்த்துத்தான் விரதம்' என்று மனதாரச் சொல்லும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. அந்த மனுஷன் ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தால் போதும், மூன்றரைக்கு என்ன, மூன்று மணிக்கே எழுந்திருப்பேன் என்பவர்களும் உண்டு. இருந்தாலும், வேண்டிக்கொண்டவர் ஒருவர், உழைப்பில் பாதிக்கு மேல் இன்னொருவர் தலையில்.

மதத்தைப் பிறர்மேல் திணிக்கக் கூடாது, வாழ்ந்து காட்டினால் போதும் என்பதை மறுத்துப் பேச ஆள் கிடைக்காது. பட்டிமன்றத்தில் எந்த அணிக்கும் கைதட்டல் வாங்கித் தரும் வசனம் அது. ஆனால் வாழ்ந்து காட்டுவதிலும் திணிப்பு உண்டு. வீட்டுத் தலைவரோ, வாத்தியாரோ, முதலாளியோ வாழ்ந்து காட்டினால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது பாதி உத்தரவு. அதனால் நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். அந்த நம்பிக்கைக்கான செலவு யார் பையிலிருந்து போகிறது? பார்க்கிறவர் 'எனக்கு வேண்டாம்' என்றால் அவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? இந்த இரண்டையும் கேட்டுப் பார்க்க மதுரையைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். சமணம், சைவம், வைணவம், இஸ்லாம், கிறித்தவம் எல்லாம் இங்கே ஒன்றையொன்று பார்த்தபடி வளர்ந்தவை. எப்போதும் நல்ல முகத்தோடு பார்த்துக்கொண்டன என்று சொல்ல முடியாது.

ஊருக்கு வெளியேயிருந்து தொடங்கலாம். மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலையில் கல்லைச் செதுக்கிய படுக்கைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்தில், நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரும் கணிநந்தன் என்ற துறவியின் பெயரும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. வெள்ளறை வணிகர் குழுவினரும் கொடை கொடுத்திருக்கிறார்கள். அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி, ஆனைமலை, திருப்பரங்குன்றம் என்று நகரத்தைச் சுற்றி இதேபோல இடங்கள். சமணத் துறவிகள் ஊருக்கு நடுவில் வந்து உட்காரவில்லை. மலையில் வெறும் கல்லில் படுத்தார்கள். வேண்டியவர்கள் ஏறிவந்து பார்த்தார்கள். பிடித்துப்போன வணிகர்கள் செலவு செய்து படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள். பிடிக்காதவர் மலை ஏற வேண்டியதே இல்லை.

அந்தச் சமணத்தின் சாயலைச் சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளிடம் பார்க்கலாம். கோவலனையும் கண்ணகியையும் மதுரை வரைக்கும் கூட்டிவருகிறவர் இந்தப் பெண் துறவி. உபதேசமே செய்யாதவர் என்று சொல்லிவிட முடியாது, வழியெல்லாம் நிறையவே பேசுகிறார். கோபமும் வரும். உறையூர்ப் பக்கம் ஒரு சோலையில் கண்ணகியைக் கேலி பேசிய இருவரை முள்ளுக்காட்டில் நரியாக அலையும்படி சபித்துவிட்டு, கோவலனும் கண்ணகியும் இரங்கிக் கேட்ட பிறகுதான் 12 மாதமாகக் குறைக்கிறார். அகிம்சையை உயிராகக் கொண்டவர் அவர். அவர் சபித்ததையும் இளங்கோ மறைக்கவில்லை. ஆனால் மதுரைக்கு வெளியே கண்ணகியை மாதரி என்ற இடைச்சியிடம் ஒப்படைக்கும்போது, இந்தப் பெண்ணைவிடப் பெரிய தெய்வத்தை நான் பார்த்ததில்லை என்கிறார். தன் துறவு நெறிக்கு வெளியே, இல்லறத்தில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து ஒரு சமணத் துறவி சொன்னது இது.

மாதரி செய்வதை நம் ஆட்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவள் இயக்கி என்ற பெண் தெய்வத்துக்குப் பால் படைத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண். வந்த விருந்தாளியோ சாவக நோன்பி, அதாவது சமண இல்லறத்தார். யார் கையாலும் வாங்கிச் சாப்பிடுகிறவர் இல்லை. மாதரிக்கு அதில் வருத்தம் வந்ததாகத் தெரியவில்லை. சமைக்கத் தோதான நல்ல பாத்திரங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து கொடுங்கள் என்று தன் வீட்டாரிடம் சொல்கிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், அரிசி, பால் எல்லாம் வந்துசேர, கண்ணகியே சமைக்கிறாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் மாற்றப் பார்க்கவில்லை. விருந்தாளியின் நோன்புக்கு விருந்து கொடுப்பவள் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான். இன்றைக்கும் இந்த ஊரில் சைவம் சாப்பிடுகிற சிநேகிதர் வருகிறார் என்றால் புதுப் பாத்திரம் எடுத்து வைக்கிற வீடுகள் இருக்கின்றன.

இதே மண்ணில் கதை வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுமாறன் சமணம், அவன் மனைவி மங்கையர்க்கரசி சைவம். அரசன் ஒரு நெறி, அரசி வேறு நெறி என்று ஓர் அரண்மனைக்குள் இருந்ததே பெரிய விஷயம். அரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் ஞானசம்பந்தரை வரவழைக்கிறார்கள், அவர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்படுகிறது, அரசனுக்கு வெப்புநோய் வருகிறது, திருநீற்றில் குணமாகிறது, ஏடுகளை நெருப்பிலும் ஆற்றிலும் இட்டுப் பார்க்கும் அனல் வாதம், புனல் வாதம் நடக்கின்றன. கடைசியில் தோற்ற சமணர்கள் 8,000 பேர் கழுவேறினார்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடுகிறார். மடத்துக்குத் தீ வைத்த குற்றத்துக்காக என்று காரணம் சொல்லி, சம்பந்தர் அதை விலக்காமல் இருந்தார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இப்படி ஒன்று நடந்ததற்குச் சமகாலக் கல்வெட்டு கிடையாது. அதுமட்டுமல்ல, கீழக்குயில்குடி சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகளோடு தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. எல்லாரையும் ஒழித்துக்கட்டியிருந்தால் அதற்குப் பிறகு மலையில் உளி பிடித்தது யார்? எனக்கு அந்தக் கதையின் வரலாற்று உண்மையைவிட அது சொல்லப்பட்ட விதம்தான் உறுத்தல். பல ஆண்டுகள் கணவனைக் கட்டாயப்படுத்தாமல் தன் நெறியில் நின்ற ஒரு பெண்ணின் பொறுமையை மறந்துவிட்டு, கழுமரத்தை வெற்றிச் சின்னமாகத் திருவிழாவில் நடித்துக் காட்டிய ஊர்கள் நம்மிடம் உண்டு.

அடுத்து 1606. இத்தாலியிலிருந்து வந்த ராபர்ட்டோ தெ நொபிலி என்ற சேசு சபைத் துறவி மதுரைக்கு வருகிறார். ஏற்கெனவே இங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசிய மூத்த துறவி பதினோரு ஆண்டுகளாக இருந்தார். வழிபாட்டு இடம் வைத்திருந்தார், பள்ளி நடத்தினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பரதவர்களைத் தவிர மதுரைக்காரர் யாரும் அவர் பக்கம் போகவில்லை. ஊர்க்காரர்கள் கண்ணில் அவர் பறங்கி. பறங்கி என்றால் மாட்டுக்கறி, மது, குளிக்காத உடம்பு. அவர் சொன்ன வேதத்தை யாரும் எடைபோட்டுப் பார்க்கவே இல்லை. அதைச் சொன்ன மனிதரின் பழக்கவழக்கத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது.

நொபிலி தனியாகக் குடிசை போட்டுக்கொண்டார். காவி உடுத்தினார், பாதக்குறடு போட்டார், கமண்டலமும் தண்டும் எடுத்தார். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சோறும் காய்கறியும் பாலும். தமிழும் தெலுங்கும் படித்தார். சிவதர்மர் என்ற பிராமணப் பண்டிதரிடம் சமஸ்கிருதமும் படித்தார். தத்துவ போதகர் என்ற பெயர் நிலைத்தது. பார்க்க வந்தவர்களை உடனே உள்ளே விடாமல், 'சுவாமி தியானத்தில் இருக்கிறார், பிறகு வாருங்கள்' என்று சொல்லியனுப்பிய நாட்களும் உண்டாம். தேடி வரட்டும் என்ற கணக்கு அதில் இருந்திருக்க வேண்டும். பெர்னாண்டஸுக்கு இது பொறுக்கவில்லை. சக துறவி இந்துவாகவே மாறிவிட்டார் என்ற ரீதியில் 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கோவாவில் விசாரணை, ரோமில் வழக்கு என்று இழுத்து, 1623இல் போப் 15ஆம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் எல்லாவற்றையும் சமூக வழக்கங்களாகக் கருதி நிபந்தனையோடு அனுமதித்தார்.

நொபிலி வாழ்ந்து காட்டினார், அந்த வாழ்க்கையின் சிரமத்தையும் அவரே சுமந்தார். மதுரையில் சிறையும் கண்டவர். ஆனால் முழு மதிப்பெண் கொடுக்க என் கை வரவில்லை. அவர் எடுத்துக்கொண்ட கோலம் உயர்சாதித் துறவியின் கோலம். அந்தக் கோலத்தைக் காப்பாற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினரோடு வெளிப்படையாகப் பழகாமல் ஒதுங்கியிருக்க வேண்டியிருந்தது. 1640ஐ ஒட்டித்தான் அவர்களிடம் போவதற்கென்று பண்டார சுவாமிகள் என்ற தனி வகைத் துறவிகள் ஏற்பட்டார்கள். தெருவுக்கு ஏற்ற மாதிரி வாழ்ந்து காட்டினால் தெருவில் இருக்கிற சாதியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் பக்கத்துத் தேவாலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இன்றுவரை நடக்கிற சாதிச் சண்டைகளுக்கு எல்லாம் நொபிலிதான் காரணம் என்று சொல்வது அநியாயம். அவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறைப்பதும் அநியாயம்தான்.

அதே மதுரை மிஷனில் பின்னால் வந்தவர் அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ. அவருடைய முடிவில் என் முதல் கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. மறவர் சீமையில் தடியத் தேவர் என்ற தலைவர் நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்டார். முதல் மனைவியைத் தவிர மற்ற மனைவியரை விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. அவர் சம்மதித்தார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் போய் முறையிட, 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. அவர் தன் நம்பிக்கைக்குத் தன் உயிரையே கொடுத்தார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக்கியது. ஓரியூர் செம்மண்ணைத் தேடி எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள். இத்தனையும் சரி. ஆனால் தடியத் தேவரின் மனமாற்றத்துக்கு முதல் விலை கொடுத்தவர்கள் அந்த மனைவிமார்கள். ஒருத்தியின் முறையீடு வரலாற்றில் வில்லத்தனமாகப் பதிவாகிவிட்டது. மற்றவர்களுக்குப் பெயரே இல்லை. ஒரே நாளில் வீடு இழந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான கணக்கை 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் பார்க்கலாம். அந்நியத் துணியை எரியுங்கள், கதர் கட்டுங்கள் என்று காந்தி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரம். மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் பார்த்தவர்களிடமும் அதையே சொல்ல, கதர் வாங்க எங்களிடம் காசு இல்லை என்று பதில் வந்தது. தொப்பியும் சட்டையும் முழு வேட்டியுமாக நின்று அந்த ஏழைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தவித்ததாக அவரே எழுதியிருக்கிறார். மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் இரவு முடிவெடுத்து, செப்டம்பர் 22ஆம் தேதி காலை முழங்காலளவு துணியோடு வெளியே வந்தார். அவர் பேசிய இடத்துக்குக் காந்தி பொட்டல் என்றே பெயர். அந்த வீட்டில் இப்போது கதர் கடை இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது அவர் வெளியிட்ட அறிக்கைதான். அக்டோபர் கடைசி வரைக்கும் இப்படி இருப்பேன் என்று தவணை வைத்தார். சக தொண்டர்கள் தங்கள் வேலைக்குத் தேவை என்று தோன்றினால் ஒழிய சட்டையையும் தொப்பியையும் விட வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் எழுதினார். தவணை முடிந்தது, அவர் பழைய உடைக்குத் திரும்பவில்லை, கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் சட்டையோடுதான் இருந்தார்கள். ராஜாஜி ஜிப்பாவைக் கழற்றவில்லை. அதனால் அவருக்கு மரியாதை குறைந்துவிடவும் இல்லை. இந்த விஷயத்தில் காந்தி எப்போதும் இப்படி இருந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆசிரமத்து விதிகளும் உண்ணாவிரதங்களும் சுற்றியிருந்தவர்களை எவ்வளவு நெருக்கின என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். மதுரையில் அன்றைக்குச் செலவு அவர் உடம்போடு நின்றது.

காந்தியின் பாதிப்பில் இந்தப் பக்கத்தில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் 1925இல் அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியராக வந்தார். கதர் கட்டினார். காந்தியின் கடிதத்தை வைசிராயிடம் கொண்டுபோய்க் கொடுத்த ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரைத் தன் வீட்டில் தங்கவைத்ததற்காக 1930இல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார், மறுபடியும் அனுப்பப்பட்டார், சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடியும் வந்தார். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1947இல் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தோடு சேர்ந்து, கிராம வேலையிலும் பூதானத்திலும் வயதைக் கழித்தார். ஏசுவின் பிள்ளையாகத்தான் கடைசிவரை இருந்தார். ஆள் சேர்ப்பதில் அவருக்கு ஆர்வம் இல்லை.

சரி, வாழ்ந்து காட்டினால் எல்லாம் நடந்துவிடுமா? மீனாட்சி அம்மன் கோயில் கதவு அப்படித் திறக்கவில்லை. மதுரை வைத்தியநாத ஐயர் ஆசாரமான குடும்பத்தில் பிறந்த வக்கீல். தன் வீட்டை ஒடுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டவர். கக்கனை வீட்டுப் பிள்ளை போலவே வைத்துக்கொண்டார். சாதிக்காரர்கள் ஒதுக்கினார்கள், தாங்கிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையைப் பார்த்து வெட்கப்பட்டு யாரும் கோயில் சாவியைக் கொண்டுவந்து நீட்டவில்லை. காந்தியும் எல்லாருக்கும் அனுமதி கிடைக்கும்வரை மீனாட்சி சந்நிதிக்கு வர மாட்டேன் என்று இருந்தார். அதற்கு முன்பே கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்த விவகாரம் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. சட்டம் யார் பக்கம் நின்றது என்பதற்கு அது அத்தாட்சி.

1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு ஒத்துழைத்தார். எதிர்த்தவர்கள் தீட்டு என்றார்கள், பட்டர்களில் சிலர் பூசைக்கு வர மறுத்தார்கள், வழக்குகளும் மிரட்டல்களும் வந்தன. ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதே ஆண்டில் ஆலயப் பிரவேசச் சட்டத்தை நிறைவேற்றி உள்ளே போனவர்களையும் அனுமதித்தவர்களையும் காப்பாற்றியது. காந்தி 1946இல் வந்து தரிசனம் செய்தார். நம்பிக்கை தனிப்பட்டதாக இருக்கிறவரை வாழ்ந்து காட்டினால் போதும். ஒருவருடைய நம்பிக்கை இன்னொருவரை வாசலில் நிறுத்தும்போது சட்டம் வர வேண்டும். அப்போது 'எங்கள் ஆசாரத்தில் திணிக்கிறார்கள்' என்று புலம்பியவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆசாரத்தின் செலவைத் தலைமுறை தலைமுறையாக வெளியே நின்று கட்டியவர்கள் வேறு ஆட்கள் என்பதால் அந்தப் புலம்பலை என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி அண்ணா நகர். மதுரை மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைப் பழக்கி ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை சிகிச்சை செய்தவர். ஸ்ரீ அரவிந்தரிடமும் புதுச்சேரி அன்னையிடமும் ஆழ்ந்த பக்தி. மருத்துவமனைக்கு வைத்த பெயரே அரவிந்த். ஆனால் கண்புரையோடு உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிற பாட்டிக்கு அரவிந்தர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. அரவிந்தர் எழுதியதைப் படிக்கச் சொல்வதில்லை, தியானம் செய்யச் சொல்வதில்லை. பணம் கொடுத்துப் பார்ப்பதா, இலவசப் பிரிவில் பார்ப்பதா என்பதைக்கூட நோயாளியே முடிவு செய்யலாம். வருமானச் சான்றிதழ் கேட்டு யாரும் நிற்கவைப்பதில்லை. அவர் பக்தி அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. கண் தெரிகிறது என்பதற்கு மேல் நோயாளியிடம் அது எதையும் எதிர்பார்க்கவில்லை.

என் முதல் கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும். அவர் தனியாளாக இதைச் செய்யவில்லை. உடன்பிறந்தவர்களையும் அவர்களுடைய கணவன் மனைவியரையும் இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டை அடமானம் வைத்தார்கள், நகையை அடகு வைத்தார்கள், நேரம் பார்க்காமல் உழைத்தார்கள். குடும்பத்தில் மூத்தவர் கூப்பிட்டால் தென்தமிழ்நாட்டில் 'முடியாது' என்று எத்தனை பேரால் சொல்லிவிட முடியும்? படித்த டாக்டர்கள் என்பதால் அவர்களுக்கு வேறு வழி இருந்தது, இருந்தும் தங்கினார்கள் என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். மாலை போட்டவரின் மனைவிக்கு அந்த அளவு வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மருத்துவமனை, பள்ளி என்று வந்தாலே சட்டத்தின் பேச்சும் வந்துவிடுகிறது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு ஒரு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை கொடுக்கிறது. பரப்புவது என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. வற்புறுத்தல், ஆசை காட்டுதல், மோசடி மூன்றையும் குற்றமாக்கியது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு விலக்கிக்கொள்ளப்பட்டது. வற்புறுத்தலும் மோசடியும் எது என்று ஓரளவு சொல்லிவிடலாம். 'ஆசை காட்டுதல்' என்பதுதான் வழுக்குகிற இடம். பெர்னாண்டஸ் கொடுத்த மருந்து ஆசை காட்டுதலா? அந்த மருந்துக்குப் பதினோரு ஆண்டுகளில் மதுரையில் ஒருவரும் மாறவில்லையே. ஒரு போலீஸ்காரரின் கையில் இந்தச் சொல்லைக் கொடுத்தால் யாருடைய சேவையையும் குற்றமாக்கிவிடலாம், யாருடைய நெருக்கடியையும் விட்டுவிடலாம்.

இதைவிட நேரடியான திணிப்பு மைக் செட். ஆடியில் கூழ் ஊற்றும்போது கூம்பு ஒலிபெருக்கி பாடுகிறது, மார்கழியில் விடிகாலையே பாடுகிறது, பள்ளிவாசலும் ஜெபக்கூட்டமும் தங்கள் பங்கைச் செய்கின்றன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், இரவு ஷிப்ட் முடித்து வந்தவருக்கும், நெஞ்சுவலிக்காரருக்கும் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல வழியே இல்லை. காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்று 2000இல் விதி வந்தது. அதே ஆண்டில், சென்னையில் ஒரு ஜெபக்கூடத்தின் சத்தம் பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் கும்பிட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா மதத்தாரும் ஒற்றுமையாக மீறுகிற விதி அது.

கடைசியாகப் பிள்ளைகள். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மாணவரை மத வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது 28ஆவது பிரிவு. அதனால்தான் கிறித்தவப் பள்ளிகளில் ஒரு பக்கம் மறைக்கல்வி, இன்னொரு பக்கம் நன்னெறி வகுப்பு என்று பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். வீட்டுக்குள் எந்தப் பிரிவும் வராது. குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையடித்துக் காது குத்தும்போது குழந்தை கத்துகிற கத்தலை யாரும் ஆட்சேபமாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வயதுப் பிள்ளையிடம் கருத்துக் கேட்டுத்தான் வளர்க்க வேண்டுமென்றால் சோறுகூட ஊட்ட முடியாது. ஆனால் அதே பிள்ளை பதினைந்து, பதினாறு வயதில் 'நான் கோயிலுக்கு வரவில்லை, எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை' என்று சொல்கிற நாள் வரும். சில வீடுகளில் அன்றைக்கு அடி விழும். சில வீடுகளில் அடி விழாது, ஆனால் பாட்டி ஒரு வாரம் பேச மாட்டாள், போன் ரீசார்ஜ் நின்றுவிடும், 'உன்னால்தான் அப்பாவுக்கு வியாபாரம் படுத்துவிட்டது' என்று ஜாடை வரும். இந்த இரண்டாவது வகைதான் நம்மிடம் அதிகம். நாங்கள் எதையும் திணிப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களும் இவர்கள்தான். மூன்றாவதாகவும் ஒரு வகை வீடு உண்டு. அங்கே அம்மா பொங்கல் பானையை வேனில் ஏற்றிக்கொண்டே, 'வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு ஒழுங்காப் படி. கிடா வெட்டுனா உன் பங்குக் கறியைத் தூக்குச் சட்டியில எடுத்துட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போவாள்.